பிலோமினா டீச்சர் சீவிப் பார்த்த கதவு

விடிந்து வெகுநேரம் ஆகவில்லை, தொலைபேசி அடித்தது. கொழும்பில் காலையில் அடிக்கும் தொலைபேசிக்கு "ஹலோ" சொல்லும் பழக்கத்தை நான் விட்டு நெடுநாளாகிறது. "எந்தப் பொலிஸ்?" என்றுதான் கேட்டேன். ஊரிலிருந்து வந்து வெள்ளவத்தை லொட்ஜுகளில் தங்கியிருக்கும் சொந்தக்காரப் பிள்ளைகள் சோதனையில் பிடிபட்டால், வெளியே எடுக்க ஓடுகிற ஆள் நான். 

"பொலிஸ் இல்ல அங்கிள். நான் ஷாமினி. பெரியம்மா போயிட்டாங்க. களுபோவில ஆஸ்பத்திரியில, நித்திரையிலேயே."

பொலிஸ் இல்லை என்றதும் முதலில் எனக்கு வந்தது ஆறுதல். துக்கம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்று, தன் முறை வந்தபிறகுதான் வந்தது. இந்தக் காலம் எங்களை அப்படி ஆக்கி வைத்திருக்கிறது. ஷாமினியின் பெரியம்மா, எங்கள் பிலோமினா டீச்சர், பக்கத்தில் இருந்திருந்தால், "கேள்வியக் கேக்க முதலே விடைய எழுதி வைக்கிற ஆள் நீங்க, மிஸ்டர் சிவம்" என்று ஏசியிருப்பார்.

இதை வாசிப்பவர்களில் பலர் டீச்சரிடம் தாவரவியல் படித்தவர்கள். வெங்காயத் தோலை உரித்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கத் தெரியாமல் அவரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதை இப்போது நினைத்துச் சிரிப்பீர்கள், அழுவீர்கள். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நான் கொட்டாஞ்சேனையில் மரக்காலை வைத்திருப்பவன். புது மரம் இல்லை, இடித்த வீடுகளின் மரம். கதவு, யன்னல், வளை, தீராந்தி என்று எல்லாம் என்னிடம் வந்து சேரும். யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் ஓயாமல் நடக்கிற வேலை பழைய வீட்டை இடித்து மாடிவீடு எழுப்புவதுதான். வடக்கிலிருந்து ஓடிவந்த சனத்துக்கு இருக்க இடம் வேண்டும், வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்புகிற சல்லிக்குப் போக வழி வேண்டும். லொறி லொறியாக மரம் வந்தது. சந்தோஷப்படவேண்டிய வியாபாரம்தான். ஒவ்வொரு கதவையும் இறக்கும்போது எனக்கு அலுப்புத்தான் வந்தது.

டீச்சர் முதன்முதல் வந்தது புத்தக ராக்கைக்குப் பலகை வாங்க. நான் வழக்கம்போல ஒரு பலகையைத் தட்டி, "அசல் தேக்கு, டீச்சர். டச்சுக்காரன் காலத்து மரம்" என்றேன். அவர் கைப்பையிலிருந்து சவர பிளேட்டை எடுத்தார். பலகையின் வெட்டுமுகத்தில் நகம் அளவுக்கு ஒரு சீவல் சீவினார். சீவிய இடத்தில் எச்சில் தொட்டுப் பூசி, சின்னப் பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டவைத்துக் குனிந்தார். பிறகு மோந்து பார்த்தார். என் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"இது பழைய பலா. நல்ல மரம். பலா எண்டே சொல்லி விக்கலாமே, ஏன் பொய்?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. பொய் என்று நினைத்து நான் சொல்லவில்லை. கொண்டுவந்தவன் தேக்கு என்றான், நானும் அதையே சொன்னேன். பழைய மரம் அப்படித்தான். கறுத்து, வெளுத்து, ஏழெட்டுப் பூச்சு வர்ண மைக்குள் கிடக்கும்போது பலாவும் தேக்கும் ஹல்மில்லவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதைச் சொல்லிச் சண்டை பிடித்தேன். அவரும் விடவில்லை. கடைசியில் அந்தப் பலாப் பலகையைத்தான் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தார். அதற்கடுத்த சனியும் வந்தார். பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்கு மரச் சீவல்கள் வேண்டுமாம். நான் சீவல் கொடுப்பேன், அவர் மரத்தின் பேர் சொல்லுவார். இப்படி எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டாயிற்று.

அதில் ஒரு கட்டளை இருந்தது. மரத்தைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்லக்கூடாது. எந்த வீட்டிலிருந்து வந்தது, விற்றவன் என்ன பேர் சொன்னான், வாங்க வருகிறவர் என்ன மரமாக இருந்தால் நல்லது என்று நினைக்கிறார், ஒன்றும் கூடாது. "நீங்க தேக்கு எண்டு சொன்னா என்ட கண்ணு தேக்கத் தேடும். தேடினா கிடைச்சிடும். அதுதான் பிரச்சின" என்பார். யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் கண்ணாடியை மூடிப் பையில் போட்டுவிடுவார். அன்றைக்கு அந்தப் பலகை பார்க்கப்படாது. வாடிக்கைக்காரர் முன்னால் என் மானம் இப்படி எத்தனையோ தடவை போயிருக்கிறது.

பிளேட்டுக்கும் சோதனை வந்தது. பஸ்ஸை மறித்துப் பையைக் கிண்டிய பொலிஸ்காரி ஒருத்தி, கிழவிக்கு பிளேட் எதற்கு என்று கேட்டாளாம். மரம் சீவ என்று டீச்சர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். இந்த நாட்டில் உண்மையைச் சொன்னால் எவன் நம்புவான்? வெயிலில் நிற்கவைத்துவிட்டுத்தான் விட்டார்கள். அதன்பிறகு பிளேட் என் மேசை லாச்சியிலேயே இருந்தது. "உங்களுக்கும் வயசு போகுது, ஏன் இந்தக் கரைச்சல்?" என்று கேட்டேன். "ஒரு நாளைக்கு ஒரு விசயமாவது சரியாத் தெரியணும் எனக்கு. பேப்பரப் பாத்தா ஒண்டும் தெரியேல்லத்தானே" என்றார்.

இனி அந்தக் கதவுக்கு வருகிறேன்.

வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையில் இடித்த வீடு ஒன்றிலிருந்து வந்த பச்சைக் கதவு அது. என் ஆட்கள் ஒரு பக்கத்து மையைச் சுரண்டி வெயிலில் சாத்தி வைத்திருந்தார்கள். பச்சைக்குக் கீழே வெள்ளை, வெள்ளைக்குக் கீழே கரி. ஒருகாலம் நெருப்புப் பட்ட கதவு. யன்னல் கொழுக்கி வாங்கவென்று வந்த ஓர் அம்மா அதன் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். பேர் கமலாம்பிகை. தனி மனுசி, வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸில் இருக்கிறவர். அன்றைக்குப் பார்த்து டீச்சரும் அங்கே நின்றார்.

"இது எங்கட கதவு" என்றார் கமலாம்பிகை. "எண்பத்து மூண்டுக் கலவரத்திலை எரிஞ்ச வீட்டுக் கதவு. முழுக்க முதிரை. கீழ்ப்பலகை மட்டும் கறையான் அரிச்சுப்போய் அப்பா மாத்தினவர். கொழும்பிலை பலகை வாங்கினால் காசு எண்டு, ஊர் வளவிலை அறுத்துவைச்ச பூவரசம் பலகையை மெயில் ரயிலிலை தூக்கிக்கொண்டு வந்தவர். அம்மா பேசின பேச்சு இண்டைக்கும் காதுக்குள்ளை நிக்குது."

டீச்சர் கண்ணாடியை மூடிப் பைக்குள் போட்டார். இரண்டு மரத்தின் பேரும் சொல்லியாகிவிட்டதே.

"எந்த வீட்டிலை இருந்து எடுத்தனீங்கள்?" என்று கமலாம்பிகை என்னைக் கேட்டார். ஒழுங்கையின் பேரையும் வீட்டையும் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாதோ என்று அவர் முகத்தைப் பார்த்தபிறகுதான் தோன்றியது. அவர் மரக்குவியலில் மெல்ல உட்கார்ந்தார்.

"அது குணதாச மாத்தயா வீடு. அண்டைக்கு அந்த ஒரு சிங்கள வீடுதான் எங்களை உள்ளுக்கை விட்டது. பின் அறையிலை கட்டிலுக்குக் கீழை ஒளிச்சு வைச்சவை."

அதற்குப் பிறகு அகதி முகாம், கப்பலில் யாழ்ப்பாணம், அங்கிருந்தும் இடம்பெயர்வு என்று அவர் அலைந்திருக்கிறார். அப்பா அம்மா இருவரும் காலமாகி, மறுபடி கொழும்புக்குத் தனியே வந்தபோது அதே ஒழுங்கைக்கே வந்து அறை எடுத்தது குணதாச குடும்பத்தை நம்பித்தான். சித்திரை வருஷத்துக்கும் வெசாக்குக்கும் அந்த வீட்டில்தான் தேத்தண்ணி. இந்த நகரத்தில் அவர் யோசிக்காமல் நம்பிய வீடு அது ஒன்றுதான். கதவு அவருடையதென்றால், நம்பிய அந்த வீட்டின் கதையும் வேறாகிவிடும்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். "எடுத்தவை எடுத்தவைதான் அக்கா. ஒரு கையாலை ஒளிச்சு வைச்சிருப்பினம், மற்றக் கையாலை கழட்டியிருப்பினம். உலகம் அப்பிடித்தான். விட்டுப்போட்டுப் போங்கோ" என்றேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

டீச்சர் என் பக்கம் திரும்பி, "வாய மூடுங்க" என்றார். பிறகு கமலாம்பிகையிடம், "இன்னும் இது உங்கட கதவு எண்டு தெரியாது. பேர் சொன்னபடியா என்ட கண்ண நம்ப ஏலாது. வேற மாதிரிச் செய்வோம்" என்றார்.

அவர் செய்த ஏற்பாட்டை நான் எங்கும் கண்டதில்லை. பக்கத்துக் கடையில் நெருப்புப்பெட்டிகள் வாங்குவித்தார். குச்சிகளைக் கொட்டிவிட்டு, கதவின் ஒவ்வொரு பலகையிலிருந்தும் ஒவ்வொரு சீவல் எடுத்துப் பெட்டியில் போடச் சொன்னார். அதோடு மரக்காலையில் கிடக்கிற மகோகனி, வேம்பு என்று சிவந்த மரங்களிலிருந்தும் சீவல் எடுத்து வேறு பெட்டிகளில் போட வேண்டும். வெளியே ஒன்றும் எழுதக்கூடாது. எது எதுவென்று எனக்கு மட்டும் தெரியும்படி பெட்டியின் உள்தட்டுக்கு அடியில் ஓர் அடையாளம் இட்டேன். நான் அதைச் செய்யும்வரை டீச்சர் வெளியே போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கொழும்புத் தச்சன் சிவப்புப் பலகை ஒட்டுப் போட்டா மகோகனி போடுவான். பூவரசு போடுற ஆளே இல்ல. அதனாலதான் இது சரியா வரணும்" என்று எனக்கு விளக்கம் சொன்னார்.

பிறகு மேசையில் உட்கார்ந்தார். பெட்டியைத் திறப்பார், சீவலைத் தண்ணீர் தொட்டு வெளிச்சத்துக்குப் பிடிப்பார், கண்ணாடியை வைப்பார். கமலாம்பிகை கையைக் கட்டிக்கொண்டு எதிரில் இருந்தார். முதிரை வந்தது. மறுபடி முதிரை. "வேம்பு" என்று ஒன்றைத் தள்ளிவைத்தார். "மகோகனி" என்று ஒன்று. அவர் சொன்னது ஒவ்வொன்றும் என் அடையாளத்தோடு பொருந்திக்கொண்டே வந்தது.  ஒரு பெட்டியில் மட்டும் அதிகநேரம் நின்றார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பூவரசு."

தட்டைத் திருப்பிக் காட்டினேன். கதவின் கீழ்ப்பலகை.

கமலாம்பிகை அழவில்லை. "அப்ப அவைதான் எடுத்திருக்கினம்" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலில் இருந்த அலுப்பு எனக்கு நன்றாகப் பழக்கமானது. எதையும் எதிர்பார்க்காமல் விட்டவரின் குரல் அது.

"அது எனக்குத் தெரியாது" என்றார் டீச்சர். "மரத்துக்கிட்ட மரத்தப் பத்தித்தான் கேக்கலாம். மனுசனப் பத்தி மனுசனிட்டத்தான் கேக்கணும். அவர் உசிரோட இருக்கிறாரா?"

இருந்தார். வீட்டை விற்றுவிட்டு கிருலப்பனையில் மகள் மாலனியோடு இருந்தார். நான் வரமாட்டேன் என்றேன். கதவை வாங்கினவர் நீங்கள்தானே, வாருங்கள் என்று டீச்சர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

குணதாச மாத்தயா யன்னலோரக் கதிரையில் இருந்தார். நல்லாய் மெலிந்துபோயிருந்தார். கமலாம்பிகையைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், முடியவில்லை. மாலனி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். சுகம் விசாரித்தார்கள், மழை பற்றிக் கதைத்தார்கள். கமலாம்பிகை கோப்பையைத் தொடவேயில்லை. கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை. டீச்சர்தான் சிங்களத்தில் நேரே கேட்டார்: "மாத்தயா, உங்கள் பழைய வீட்டு முன்கதவு யாருடையது?"

கிழவர் கமலாம்பிகையைப் பார்த்தார்.

"இந்த நோனாவுடையது" என்றார்.

பிறகு அவர் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னதை என் தமிழில் தருகிறேன். "அன்றைக்கு எங்கள் கதவைக் கோடாலியால் கொத்தினார்கள். உள்ளே தமிழர் இருக்கிறார்களா என்று கேட்டார்கள், இல்லை என்றேன், நம்பவில்லை. கதவு விழுந்ததும் மாலனியின் அம்மா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றாள். பிள்ளையோடு நிற்கிறவளைத் தள்ள அவர்களுக்கும் மனம் வரவில்லையாக்கும். போய்விட்டார்கள். அதற்குப் பிறகு பலகை வாங்க ஒரு கடை திறந்திருக்கவில்லை. வீடு திறந்து கிடந்தது. உங்கள் வீட்டில் எல்லாம் எரிந்து, கதவு மட்டும் ஒரு பிணைச்சலில் தொங்கியது. கழற்றிக்கொண்டுவந்து கரியைச் சுரண்டி மை பூசினேன்."

"கொத்துற சத்தம் எனக்குக் கேட்டது" என்றார் கமலாம்பிகை தமிழில், யாரிடம் என்று இல்லாமல். "கட்டிலுக்குக் கீழை கிடந்து கேட்டனான். எங்கட வீட்டை கொத்துறாங்கள் எண்டு நினைச்சன்."

"ஏன் இவரிடம் சொல்லவில்லை?" என்று டீச்சர் கேட்டார்.

"சொன்னால், உங்கள் கதவுக்கு என்ன நடந்தது என்று கேட்பாரே. தன்னால்தான் என்று நினைப்பார். பிறகு எங்கள் வீட்டுக்கு வரக் கூசுவார். அவளுக்கு நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்க இது ஒரு வீடுதான் இருக்கிறது, கெடுக்காதீர்கள் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். வீடு விற்றால் கதவைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றும் சொன்னாள். இடித்தபோது நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்."

கமலாம்பிகை, "என்ர கதவைத்தான் நான் இவ்வளவு காலமும் தட்டித் தட்டி உள்ளுக்கு வந்தனானோ!" என்றார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத சத்தம் ஒன்று வந்தது. ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். மாலனி இன்னொரு கோப்பை ஊற்ற எழும்பினாள்.

டீச்சரிடமிருந்து எனக்கு விழவேண்டிய ஏச்சு வழியிலாவது விழும் என்று பார்த்தேன். அதுவும் விழவில்லை.  நான் அன்றைக்குப் போல ஒருநாளும் களைத்ததில்லை, அன்றைக்குப் போல நன்றாக நித்திரை கொண்டதுமில்லை.

கதவைக் கமலாம்பிகை தன் அனெக்ஸுக்குக் கேட்கவில்லை. கிருலப்பனை வீட்டுக்குத்தான் கொண்டுபோய்ப் போடச் சொன்னார். மாலனி வீட்டுக் கதவு வெறும் ஒட்டுப்பலகை, மழைக்கு ஊதிப்போயிருந்தது. லொறியில் ஏற்றி, டீச்சர் முன் சீற்றில் இருக்க, நான் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு போனேன். பொரளைப் பக்கம் மறித்தார்கள். அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்த சிப்பாய் கதவைத் துவக்குப் பிடியால் தட்டினான். "மே தொர காகெத?" என்று கேட்டான். கதவு யாருடையது என்ற அந்தச் சின்னக் கேள்விக்கு எனக்கு விடை வரவில்லை. வாங்கிய ரசீது என் பேரில், அதைச் சொல்லியிருக்கலாம். டீச்சர் யன்னலால் தலையை நீட்டி, "கெவல் தெகக, மாத்தயா" என்றார். இரண்டு வீட்டாருடையது என்று. சிப்பாய் கதவையும் கிழவியையும் மாறி மாறிப் பார்த்தான். வெயில் அவனுக்கும் அலுத்திருக்கவேண்டும். போ என்று கையைக் காட்டினான்.

டீச்சரைப் பொரளையில்தான் அடக்கம் செய்தோம். வீதித்தடைகளால் பாதிப் பேர் வந்துசேரவில்லை. சவப்பெட்டி வார்னிஷ் அடித்துப் பளபளவென்று இருந்தது. அவரை அறிந்த எல்லாருக்கும் அதைப் பார்த்ததும் ஒரே யோசனைதான் வந்திருக்கும். நான் விரலால் தடவிப் பார்த்தேன், ஷாமினி என் காதில் சொன்னாள்: "றப்பர் மரம் அங்கிள். பெரியம்மா சொல்லி வச்சது." எனக்கும் சொல்லியிருந்தார். "எனக்கு றப்பர் போதும். நல்ல முதிரையக் கொண்டுபோய் மண்ணுக்குக் கீழ வைக்கிறது மரத்துக்குச் செய்யிற அநியாயம்." வார்னிஷ்காரன் தேக்கு நிறம் பூசியிருந்தான். அதற்காக அவனிடம் டீச்சர் என்ன கேட்டிருப்பார் என்று நினைத்தேன், அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பும்போது கமலாம்பிகையும் நானும் ஒரே திறீவீலரில் வந்தோம். கிருலப்பனையில் நிறுத்தச் சொன்னார். கிழவரால் வரமுடியவில்லை, போய்ச் சொல்லவேண்டும் என்றார். கதவில் இப்போது மை இல்லை. முதிரை மஞ்சளாக இருக்கிறது, கீழ்ப்பலகை மட்டும் கறுத்துச் சிவந்து தனியாகத் தெரிகிறது. அவர் தட்டினார். "கவ்த?" என்று உள்ளிருந்து கிழவரின் குரல் கேட்டது. யாரது என்ற அந்தக் கேள்விக்கு இந்த நகரத்தில் நாங்கள் எல்லாரும் நடுங்கிப் பழகியவர்கள். கமலாம்பிகை, "நான்தான்" என்று தமிழிலேயே சொன்னார். கதவு திறந்தது.

டீச்சரின் பூதக்கண்ணாடியையும் சீவல்களையும் ஷாமினி பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கப்போகிறாள். அதுதான் முறை. என்னிடம் இருப்பது அன்றைய நெருப்புப்பெட்டிகளில் ஒன்று. உள்ளே பூவரசஞ் சீவல் கிடக்கிறது, வெளியே ஒன்றும் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். அதைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நேற்றுக் காலையில் மறுபடி அடித்தது. கை தானாக எடுத்தது, வாயும் பழைய கேள்விக்குத் திறந்தது. பெட்டியைப் பார்த்தேன். "ஹலோ" என்றேன். பொலிஸ் விஷயம்தான். ஆனாலும் கேட்டபிறகுதான் தெரிந்துகொண்டேன், டீச்சர்.